ஸோலியின் வயிற்றுக்குள் இருந்த கூட்டம்

என் செல்ல மகனே,

போன ஞாயிற்றுக்கிழமை பெல் ஒம்ப்ரில் தேவகி வீட்டில் தாம்பூலம் மாற்றி முடித்துக் காப்பி குடித்துக்கொண்டிருந்தபோது, அவளுடைய அப்பா மரியாதையாகத்தான் கேட்டார்: "உங்க ரெண்டு பேர் கல்யாணத்தை யாரு பேசி முடிச்சாங்க?" நானும் உன் அப்பாவும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தோம். அவ்வளவுதான், சிரிப்பை அடக்க முடியவில்லை. உன் அப்பா கண்ணைத் துடைத்துக்கொண்டு, "ஒரு மாட்டோட வயிறு" என்று சொல்லிவிட்டு மறுபடியும் சிரித்தார். நீ தலையைக் குனிந்து வெற்றிலைத் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தாய். திரும்பி வரும் பஸ்ஸில் ஜன்னல் பக்கமே திரும்பி உட்கார்ந்திருந்தாய். நம் ஊர் சுரினாமில் நாங்கள் இறங்கும்போது, "சம்பந்தி வீட்ல போய் அப்படியா பேசுறது, அம்மா?" என்றாய். கோபம் நியாயம்தான். உனக்கு விஷயமே தெரியாதே. இருபத்திரண்டு வருடமாக நாங்கள் இருவரும் எங்களுக்குள் சொல்லிச் சிரித்துக்கொண்டதை உன்னிடம் ஒருமுறைகூட முழுசாகச் சொன்னதில்லை. நேரில் சொல்ல ஆரம்பித்தால் பாதியில் சிரித்துவிடுவேன், நீயும் காத்ர் போர்ன் பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று எழுந்து போய்விடுவாய். அதனால் எழுதுகிறேன். எனக்கு எழுதத் தெரிந்தது கோவில் கொட்டகையில் சாயங்கால வகுப்பில் கற்ற இந்த எழுத்து ஒன்றுதான். அந்தக் காலத்தில் நாங்கள் பேசிக்கொண்டதெல்லாம் நம் தீவின் கிரியோல் பேச்சில்தான். அதையும் எனக்கு வந்த தமிழில் எழுதுகிறேன், பிழை இருந்தால் பொறுத்துக்கொள்.

அது யுத்த காலம். கப்பல் வராது. அரிசிக்கு வரிசை, எண்ணெய்க்கு வரிசை. மனிதர்களுக்கே இப்படியென்றால் மாட்டுக்குப் புண்ணாக்கும் தவிடும் எங்கிருந்து வரும்? என் அம்மா எனக்குப் பதினைந்து வயதிலேயே போய்விட்டாள். உன் தாத்தா விடிவதற்கு முன் கரும்புத் தோட்டத்துக்குப் போய்விடுவார். வீட்டையும் இரண்டு மாடுகளையும் நான்தான் பார்த்துக்கொண்டேன். அதில் ஒன்று ஸோலி. நம் ஊர் ஜாதி, கொம்பில்லாத வெள்ளைப் பசு. அழகி என்று பொருள்பட நான்தான் அந்தப் பெயரை வைத்தேன். அழகி என்பது அதற்கும் தெரியும். யாராவது கொட்டகைக்குள் வந்தால் முகத்தைத் திருப்பிக்கொண்டு கடைக்கண்ணால் பார்க்கும். வெளியூர்த் தீனி இல்லாமல், தோட்டத்தில் வெட்டிப் போடும் கரும்புத் தோகையையும் ஆலையில் மிஞ்சும் மெலாஸ் என்ற கறுத்த பாகையும் மட்டும் கொடுத்து மாடுகளைக் கறக்க முடியுமா என்று பார்க்க வேண்டும் என்று மேட்டுப் பக்கத்தில் இருந்த ஒரு மாட்டுப் பண்ணையின் டாக்டருக்குத் தோன்றியிருக்கிறது. தீனி மாட்டுக்குள் போய் என்ன ஆகிறது என்பதை அறிய, வயிற்றில் இருப்பதையே வெளியே எடுத்துப் பார்ப்பது என்று முடிவு செய்திருக்கிறார். நம் பக்கத்தில் ஆறு மாடுகளைத் தேர்ந்தெடுத்தார்கள். மூன்று மாதம் தோகையும் அளந்த மெலாஸும் தவிர வேறு எதையும் காட்டக் கூடாது. வாரம் ஒருமுறை ஆள் வந்து வயிற்றுத் தண்ணீர் எடுத்துப் போவார், அன்று காலை அவர் வரும்வரை தீனி போடக் கூடாது. ஒழுங்காக இருந்தால் கடைசியில் வீட்டுக்கு ஒரு மூட்டை தவிடு. அந்த நாளில் தலைகீழாக நின்றாலும் கிடைக்காத தவிடு. உன் தாத்தா உடனே சரி என்று சொல்லிவிட்டார். என்னைக் கேட்கவில்லை, ஸோலியையும் கேட்கவில்லை.

அப்படி ஒரு வியாழக்கிழமை காலையில், கையில் ரப்பர் குழாய், தோளில் ஒரு பை, கழுத்தில் கயிறு கட்டித் தொங்கவிட்ட தெர்மாஸ் குடுவை என்று ஓர் ஆள் எங்கள் வாசலில் வந்து நின்றார். ஒல்லி. காது மட்டும் பெரிது. சுய்யாக் ரயிலடியிலிருந்து நடந்தே வந்ததில் சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. "போன்ஸூர். மாட்டு வயித்துக்கு வந்திருக்கேன்" என்றார். உன் அப்பா என்னிடம் பேசிய முதல் வார்த்தை இதுதான், மகனே. பூவும் இல்லை, பாட்டும் இல்லை.

நான் ஸோலிக்கு முன்னால் போய் நின்றுகொண்டேன். "இவ்ளோ நீளக் குழாயை என் மாட்டுத் தொண்டைக்குள்ள விடுவீங்களா? முதல்ல நீங்க விழுங்கிக் காட்டுங்க" என்றேன்.  அவர் பைக்குள்ளிருந்து நடுவில் ஓட்டை போட்ட ஒரு மரக்கட்டையை எடுத்தார். மாடு குழாயைக் கடிக்காமல் இருக்க அதன் பல்லுக்கிடையில் வைப்பது அது. அதைத் தன் வாயில் குறுக்கே வைத்து, கயிற்றைத் தன் காதுகளுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு, ஸோலியின் முகத்துக்கு நேராகப் போய் நின்றார். ஸோலி அவரைப் பார்த்தது. அவர் ஸோலியைப் பார்த்தார். கட்டையோடு என்னைத் திரும்பிப் பார்த்து ஏதோ சொன்னார், ஒன்றும் புரியவில்லை. நான் சாணிக் கூடையைக் கீழே போட்டுவிட்டுச் சிரித்தேன். அம்மா போன பிறகு அந்தக் கொட்டகையில் நான் அப்படிச் சிரித்தது அன்றுதான்.

வேலையில் அவருக்கு இதமான கை. குழாய் நுனியில் எண்ணெய் தடவி, ஸோலி விழுங்கும் நேரம் பார்த்து விட்டு, மறுமுனையில் காதை வைத்துக் கேட்டார். சரியான இடத்துக்குப் போய்விட்டால் உள்ளே குமிழி விடும் சத்தம் கேட்குமாம். சின்னக் கைப்பம்பை இரண்டு தரம் இழுத்ததும் பச்சையாகக் கொழகொழவென்று வந்தது. ஸோலி ஒருமுறை இருமியது. பாதி குடுவையிலும் பாதி உன் அப்பா முகத்திலும் விழுந்தது. அவர் துடைக்கக்கூட இல்லை. முகர்ந்து பார்த்து, "நல்லா இருக்கு" என்றார். எனக்குப் புளித்த கள் மாதிரி மணந்தது. துணியில் வடிகட்டி, சூடு போகாமல் குடுவையை மூடி, போர்வைத் துண்டில் சுற்றி, பிள்ளையைத் தூக்குவதுபோல் மார்போடு வைத்துக்கொண்டார். "எதுக்கு இவ்ளோ பத்திரம்?" என்று கேட்டேன். "உள்ள உயிர் இருக்கு. மேட்டுக் குளிர்ல செத்துப் போயிடும்" என்றார். எனக்கு வந்ததே கோபம். "எங்க மாட்டு வயித்துல பூச்சியே கிடையாது! வேணும்னா சாணியை வந்து பாருங்க!" என்று கத்தினேன். என் வளர்ப்பையே குறை சொல்கிறார் என்று நினைத்துவிட்டேன். பாவம், வாசல் வரை பின்வாங்கியபடியே விளக்கம் சொன்னார். "பூச்சி இல்ல மாம்ஸெல். கண்ணுக்குத் தெரியாத உயிருங்க. நாம போடுற தோகையை மாட்டால தனியா செரிக்க முடியாது. அதுங்கதான் செரிச்சுக் கொடுக்குது. அதுங்க இல்லன்னா மாடு வயிறு நிறையத் தின்னுட்டுப் பட்டினி கிடக்கும்." நான் நம்பவில்லை. ஆனால் அடுத்த வியாழக்கிழமை கொட்டகையை ஒருமுறைக்கு இருமுறை பெருக்கினேன்.

இப்போது என் தப்புக்கு வருகிறேன். இரண்டாவது வாரத்திலேயே ஸோலிக்குப் பால் குறைய ஆரம்பித்தது. தோகையை முகர்ந்து பார்த்துவிட்டு என்னைப் பார்க்கும். அந்தப் பார்வையை என்னால் தாங்க முடியவில்லை. பெல் ஒம்ப்ர் போகும் சாலையோரத்தில் வேலிக்கு வேலி அக்காசியா மரம் நிற்கும், உனக்குத் தெரியும். பொடி இலை, அதென்றால் மாடு உயிரை விடும். விடிகாலையில் போய் ஒரு கட்டு வெட்டிக்கொண்டு வந்து, பக்கத்து வீட்டுக்காரர்கள் எழுந்திருக்கும் முன் போட்டுவிடுவேன். நான்கே நாளில் ஸோலியின் தோல் மினுமினுத்தது. பால் ஏறியது. வியாழக்கிழமை உன் அப்பா நோட்டைத் திறந்து, "வேற ஏதாவது தீனி?" என்று கேட்பார். "தோகைதான், மெலாஸ்தான்" என்பேன். அவர் எழுதிக்கொள்வார். ஒருநாள் ஸோலியின் வாலைக் கையில் பிடித்தபடி, "முடி ஏன் இப்படிக் கொட்டுது?" என்று கேட்டார். "அதோட ஜாதி அப்படி" என்றேன். அவர் வாலை மெதுவாக விட்டுவிட்டு, மழை வரும்போலிருக்கிறது என்றார். ஏழு வியாழக்கிழமை அவர் முகத்தைப் பார்த்தே பொய் சொன்னேன். அதில் எனக்கு உறுத்தலே இல்லை என்று சொன்னால் அது எட்டாவது பொய். உறுத்தியது. ஆனாலும் அவர் வரும் நாளை எதிர்பார்த்தே மற்ற ஆறு நாளும் போயின. இரண்டும் ஒரே நெஞ்சில் இருக்கும், மகனே. இருந்தது.

பத்தாவது வாரம் வியாழக்கிழமை உன் அப்பா வரவில்லை. டாக்டரே வந்தார். குள்ளமான வெள்ளைக்காரர், வெயிலில் நடந்து தக்காளி மாதிரி சிவந்திருந்தார். கையில் நோட்டுப் புத்தகம் மட்டும். தட்டுத் தடுமாறி கிரியோல் பேசுவார். மற்ற ஐந்து மாட்டிலும் அந்தச் சின்ன உயிர்கள் ஆளுக்கொரு மூலையில் சோர்ந்து கிடக்கின்றனவாம். எங்கள் ஸோலியின் பாட்டிலில் மட்டும் நெரிசலாம். தோகை தின்னும் மாட்டுக்கு அப்படி இருக்கவே முடியாதாம். "அந்த ஆள் உன் வீட்டுக்கு வரவே இல்லை. ரயிலடியில் உட்கார்ந்து டீ குடித்துவிட்டு, எங்கள் பண்ணை மாட்டிலிருந்து நிரப்பி உன் பெயரை எழுதியிருக்கிறான். திங்கட்கிழமை விசாரணை" என்றார்.

"வாராவாரம் வந்தாருங்க, மிஸ்யே" என்றேன்.

"அப்படியானால் உன் மாடு என்ன தின்றது? தோகையும் மெலாஸும் மட்டும்தானே?"

ஒரே ஒரு வார்த்தை போதும், உன் அப்பாவின் பெயர் அந்த இடத்திலேயே சுத்தமாகியிருக்கும். நான் தவிட்டு மூட்டையை நினைத்தேன். அதைவிட, பொய்க்காரி என்று அந்த வெள்ளைக்காரர் உன் தாத்தாவிடம் சொல்லும் காட்சியை நினைத்தேன். "ஆமாங்க" என்றேன். அவர் எழுதிக்கொண்டு போய்விட்டார். அந்த "ஆமாங்க" என் வாயிலிருந்து போன சத்தம் எனக்கு இன்றைக்கும் கேட்கும். முந்தைய ஏழு பொய்யும் ஒரு மாட்டுக்காகச் சொன்னது. இது எனக்காகச் சொன்னது.

மூன்று நாள் எனக்குச் சோறு இறங்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் உன் தாத்தா சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன்.  "அந்த ஆளுக்கு வேலை போயிடுமா?" என்றார். "நாளைக்குத் தெரியும்" என்றேன். கையைக் கழுவினார். "முதல் ரயில் எத்தனை மணிக்கு?" என்றார். திட்டுவார் என்று காத்திருந்தேன், திட்டவில்லை. திங்கட்கிழமை காலை நல்ல சேலையைக் கட்டிக்கொண்டு, ஒரு கட்டு அக்காசியா இலையை மடியில் வைத்துக்கொண்டு, வாழ்க்கையிலேயே முதல் தடவையாக ரயில் ஏறினேன். ரோஸ் பெல் தாண்டியதும் குளிர ஆரம்பித்தது. பயமும் குளிரும் சேர்ந்து பல் கிட்டிக்கொண்டது. உன் தாத்தா தன் கோட்டைக் கழற்றி என் மேல் போட்டார். ரயிலில் இருந்தவர்கள் எல்லோரும் இலைக் கட்டைப் பார்த்தார்கள். ஒரு பெண், "கி ஸா? என்ன இது, கறி வைக்கவா?" என்று கேட்டாள்.

பண்ணை ஆபீஸ் வாசலில் ஒரு பெஞ்சில் உன் அப்பா உட்கார்ந்திருந்தார். இஸ்திரி போட்ட சட்டை, எண்ணெய் தடவி வாரிய தலை. என்னையும் இலைக் கட்டையும் பார்த்ததும் எழுந்துவிட்டார். வேண்டாம் என்று தலையை ஆட்டினார். நான் நிற்காமல் அவரைத் தாண்டி உள்ளே போனேன். டாக்டரின் மேசையில் இலைக் கட்டை வைத்தேன். "மிஸ்யே, பாட்டிலுக்குள்ள இருந்தது இதுதான்" என்றேன்.

அவர் ஓர் இலையைக் கிள்ளி விரலில் உருட்டிப் பார்த்தார். "எப்போதிலிருந்து?" என்றார். ரெண்டாவது வாரத்திலிருந்து என்றேன். "ஒரு நாளைக்கு எவ்வளவு?" ஒரு கட்டு என்றேன். "எடை என்ன?" என்றார். எனக்கு அழுகையும் எரிச்சலும் ஒன்றாக வந்தது. "எடை போடலைங்க மிஸ்யே! திருட்டுத்தனமா போடுறதை யாராவது எடை போட்டுப் போடுவாங்களா?" என்றேன். உன் தாத்தா என் பின்னால் நின்று இருமினார். டாக்டரின் முகம் முதலில் இன்னும் சிவந்தது. பிறகு மீசை ஆடியது. பிறகு அவர் நாற்காலியில் சாய்ந்து சிரித்த சிரிப்பில் பக்கத்து அறையிலிருந்து ஆட்கள் எட்டிப் பார்த்தார்கள். சிரித்து முடித்து, "நீ சொல்வதை நான் எப்படி நம்புவது? இதுவரை ஒன்றும் உண்மை சொல்லவில்லையே" என்று கேட்டார். அதுவும் நியாயமான கேள்விதான். "மாடு பொய் சொல்லாதுங்க. நீங்களே வந்து எடுத்துப் பாருங்க" என்றேன்.

பெட்ரோல் அளந்து கொடுத்த காலம் அது. அந்த மனிதர் தன் ஒரு வாரத்துப் பெட்ரோலை அன்று செலவழித்தார். முன்னால் டாக்டரும், காரில் ஏறியதே இல்லாத உன் தாத்தாவும். பின்னால் நானும் உன் அப்பாவும். நடுவில் குழாய், பம்பு, மரக்கட்டை. என் மடியில் ஒரு மரப்பெட்டி. அதற்குள் மைக்ராஸ்கோப். மலைப்பாதை இறங்கும்போது ஒவ்வொரு வளைவிலும் நான் பெட்டியைப் பிடித்துக்கொண்டேன், உன் அப்பா பெட்டியைப் பிடிக்கிற சாக்கில் என் கையைப் பிடிக்கவில்லை. அவ்வளவு நல்லவர். நான் கொஞ்சம் எதிர்பார்த்தேன் என்பதை அவரிடம் சொல்லாதே.

டாக்டர் தன் கையாலேயே குழாயை விட்டார். ஸோலி அவர் முகத்திலும் இருமியது. கொட்டகை வாசலில் பால் பாத்திரம் கவிழ்த்து வைக்கும் கல்லின் மேல் மைக்ராஸ்கோப்பை நிறுத்தி, அடியில் இருந்த சின்னக் கண்ணாடியை வெயிலுக்குத் திருப்பி, ஒரு சொட்டை வைத்துக் குனிந்தார். ரொம்ப நேரம் நிமிரவில்லை. கார் சத்தம் கேட்டு அதற்குள் பாதித் தெரு கூடிவிட்டது. நிமிர்ந்தவர் உன் அப்பாவைப் பார்த்துக் கையை நீட்டினார். "பாட்டில் சரி. நான் சொன்னதுதான் தப்பு" என்று எல்லோர் முன்னாலும் சொன்னார். பிறகு என்னைக் கூப்பிட்டு, "உன் மாடு, நீ பார்" என்றார்.

நான் பார்த்ததை உனக்கு எப்படி எழுதுவது? முதலில் என் கண்ணிமைதான் தெரிந்தது. உன் அப்பா பக்கத்தில் நின்று ஒரு திருகைத் திருகினார். சட்டென்று வெளிச்சத்துக்குள் ஒரு ஊரே அலைந்தது. முட்டை மாதிரி உருண்டைகள், வால் முளைத்தவை, உடம்பெல்லாம் மயிர் சிலிர்த்துச் சுழல்பவை. ஒன்றை ஒன்று முட்டிக்கொண்டு, இடித்துக்கொண்டு, நகர்ந்துகொண்டு. சிலவற்றின் வயிற்றுக்குள் பச்சைத் துணுக்குகூடத் தெரிந்தது. "இவ்ளோ அவசரமா எங்க போகுதுங்க?" என்று கேட்டேன். "எங்கயும் போகல. வேலை பார்க்குதுங்க" என்றார். அடுத்து உன் தாத்தா பார்த்துவிட்டுக் கன்னத்தில் போட்டுக்கொண்டார். "அடேயப்பா, தைப்பூசத்துக் காவடிக் கூட்டம்!" என்றார். அவ்வளவுதான், தெருவே வரிசையில் நின்றுவிட்டது. டாக்டர் தடுக்கவே இல்லை. சொட்டு ஆறிப்போகும் போதெல்லாம் குடுவையிலிருந்து புதுச் சொட்டு வைத்தார். எதிர்வீட்டு அக்கா பார்த்துவிட்டு, "இதுங்களுக்கெல்லாம் சேர்த்தா நான் பால் வாங்குறேன்?" என்று கேட்டதை உன் அப்பா இன்றும் நடித்துக் காட்டுவார். எல்லாருடைய மாட்டு வயிற்றிலும் இப்படி இருக்குமா என்று ஆளாளுக்குக் கேட்டார்கள். தத்தம் மாட்டைப் பார்க்க வீட்டுக்கு ஓடியவர்களும் உண்டு, வெளியிலிருந்து என்ன தெரியும் என்று நினைத்தார்களோ.

அந்தக் கூச்சலுக்கு நடுவில்தான் கொட்டகை ஓரத்தில் உன் அப்பாவைப் பிடித்தேன். "மன்னிச்சுக்கோங்க. உங்களுக்கு இவ்ளோ கஷ்டம் வரும்னு தெரியாது" என்றேன்.

"எனக்குத் தெரியும்" என்றார்.

"என்ன தெரியும்?"

"நீங்க அக்காசியா போடுறது. அளவுக்கு மேல தின்னா மாட்டுக்கு வால் முடி கொட்டும். அன்னிக்கே தெரிஞ்சிடுச்சு."

 "அப்ப ஏன் டாக்டர்கிட்ட சொல்லல? வேலையே போயிருக்குமே!"

அவர் குழாயைச் சுருட்டிக்கொண்டே, என்னைப் பார்க்காமல் சொன்னார். "சொன்னா ஸோலியைப் பட்டியல்ல இருந்து எடுத்துடுவாங்க. அப்புறம் வியாழக்கிழமை எனக்கு சுரினாம்ல என்ன வேலை?"

காது இரண்டும் சிவந்துவிட்டன. அவருக்குக் காது பெரிது என்று முன்பே எழுதினேன் அல்லவா, ஒளிக்க வழியில்லை.

இதில் எல்லாம் இனிப்பாகவே முடிந்தது என்று நினைக்காதே. தெரிந்தே நோட்டில் பொய்யை எழுதியதை அன்று மாலையே உன் அப்பா டாக்டரிடம் தானாகச் சொல்லிவிட்டார். சொல்லாமல் இருந்திருந்தால் யாருக்கும் தெரிந்திருக்காது. அதற்காக ஒரு மாதம் பாட்டில் கழுவும் வேலைக்குப் போட்டார்கள். எனக்குத் தவிடு கிடையாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். உன் தாத்தாவும் அது சரி என்றார். அடுத்து அந்த மூன்று மாதத்தையும் முதலிலிருந்து ஆரம்பித்தார்கள், இந்தத் தடவை மூன்று மாட்டுக்குத் தோகை, மூன்று மாட்டுக்குத் தோகையோடு அக்காசியா, என் கையில் ஒரு தராசு. ஒவ்வொரு இலைக் கட்டையும் எடை போட்டு நானே எழுதினேன், தமிழ் எழுத்தில். உன் அப்பா படித்து மாற்றி எழுதிக்கொள்வார். இலை சேர்த்த மாடுகள் எல்லாம் தேறின. அளவோடு போட்டதில் ஸோலிக்கு வாலில் முடியும் திரும்ப வந்தது. நம் பக்கத்தில் இன்று மாடு வைத்திருக்கும் வீடுகளில் தோகையோடு ஒரு பிடி அக்காசியா சேர்ப்பது அப்போது பிடித்த பழக்கம். யாருக்கும் காரணம் நினைவில்லை, போகட்டும்.

அந்த மூன்று மாதம் முடிந்து இரண்டு வாரம் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை உன் அப்பா வந்தார். கையில் குழாய் இல்லை, குடுவை இல்லை. யாரிடமோ இரவல் வாங்கிய கோட்டு, தோளில் சரியாக உட்காரவில்லை. உன் தாத்தா வாசலில் நின்று ஏற இறங்கப் பார்த்தார். "என்ன தம்பி, ஞாயித்துக்கிழமையில? மாட்டுக்கு இன்னும் தீனி போடாம வைக்கணுமா?" என்றார். உன் அப்பா சொன்னார்: "மாடு தின்னட்டும், ஐயா. நான் உங்களைப் பார்க்க வந்தேன்." கொட்டகைக்குள் தோகை போட்டுக்கொண்டிருந்த எனக்குக் கேட்டது. போட்ட தோகையையே மறுபடி எடுத்து மறுபடி போட்டுக்கொண்டிருந்தேன்.

இதுதான் எங்கள் கல்யாணம் பேசி முடிந்த கதை. இனி உனக்கு என்று எழுத வேண்டியதை எழுதுகிறேன், கோபப்படாமல் படி. நீ விவசாயப் படிப்பில் சேர்ந்தது எங்களுக்காக. சின்ன வயதில் கன்று ஈனுவதைப் பார்த்து மயங்கி விழுந்த பிள்ளையை மாட்டு வேலைக்குத் தள்ளியது நாங்கள். வகுப்புக்குப் போவதை நிறுத்திவிட்டு காத்ர் போர்ன் போட்டோ ஸ்டூடியோவில் சேர்ந்ததை நீ இரண்டாவது வாரமே என்னிடம் சொன்னாய். "அப்பாகிட்ட இப்போ சொல்லாதே, நேரம் பார்த்துச் சொல்லலாம்" என்றது நான். அந்த நேரத்தை நான் பார்த்துக்கொண்டே இருந்தேன். கடைசியில் பஸ்ஸில் யாரோ சொல்லி அவருக்குத் தெரிந்தது. ஐந்து மாதம் அவர் உன்னோடு பேசாததற்குப் படிப்பு காரணமில்லை. தன் வீட்டு விஷயம் தனக்குக் கடைசியில் தெரிந்ததே என்ற வருத்தம். அந்தப் பழியை நீ சுமந்தாய். அது என்னுடையது. அவரிடம் நான் இதைச் சொன்னது போன வருடம்தான். அவர் எழுந்து போய், நீ எடுத்த எங்கள் இருவர் படத்தைத் துடைத்து நடுச் சுவரில் மாட்டினார், பார்த்திருப்பாயே. ஸோலியால் ஒருமுறை கற்றுக்கொண்டதை நான் பாதியில் மறந்துபோனேன். மறுபடி மறுபடி கற்றுக்கொள்ள வேண்டியிருக்கிறது.

அதனால்தான் அந்தக் கவரைப் பற்றி எழுதுகிறேன். இங்கிலாந்து ஆஸ்பத்திரியிலிருந்து உனக்கு நர்ஸ் வேலைக்குக் கடிதம் வந்து மூன்று வாரமாகிறது. எனக்குக் காட்டினாய், அப்பாவுக்கும் காட்டினாய். அதில் எனக்கு எவ்வளவு சந்தோஷம் தெரியுமா, இந்தத் தடவை அவரை விட்டுவிடவில்லை. ஆனால் தேவகிக்குக் கல்யாணம் முடிந்து சொல்லிக்கொள்ளலாம் என்கிறாய். போகாதே என்று நான் சொல்ல மாட்டேன். சுதந்திரக் கொடி ஏற்றி இரண்டு மாதம்கூட ஆகவில்லை, நம் தெருவில் நான்கு வீட்டில் பெட்டி கட்டுகிறார்கள், நான்கு வீட்டில் புதிதாகச் சுவர் எழுப்புகிறார்கள். இரண்டும் நல்லதுதான். போவதா இருப்பதா என்பதை நீங்கள் இரண்டு பேரும் பேசி முடிவு செய்யுங்கள். தாலி கட்டிய பிறகு சொன்னால் அவளுக்குச் சம்மதிக்கவோ மறுக்கவோ இடமே இருக்காது. பின்னால் வர மட்டும்தான் இடம் இருக்கும். அன்றைக்கு வாசல் பக்கம் நின்று நான் அவளை நன்றாகப் பார்த்தேன். உன்னை ஓரக்கண்ணால் பார்க்கிற பெண் இல்லை, நேராகப் பார்க்கிறாள். அவளிடம் நேராகச் சொல்லலாம்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் அவள் கோவிலுக்கு வருவாள், அவளுடைய அம்மாவிடம் கேட்டு வைத்திருக்கிறேன். காரணம் சொல்லவில்லை. சீக்கிரம் ஸ்டூடியோ வேலையை முடித்துக்கொண்டு கிளம்பு, கவரைச் சட்டைப் பையில் வைத்துக்கொள். கல்யாணப் புடவை, சமையல்காரர், பந்தல் எல்லாவற்றையும் நாங்கள் பார்த்துக்கொள்கிறோம், அதில் உனக்குக் கவலை வேண்டாம். முதலில் அவள் கையில் கடிதத்தைக் கொடு, அதன் பிறகு பேசு. அவள் கோபப்படலாம். அழலாம். எனக்குத் தெரிந்தவரை, உன்னைவிட முன்னால் பெட்டி கட்டவும் செய்யலாம். எதுவானாலும் அவள் சொல்லி முடிக்கும் வரை அங்கேயே நில், மகனே. கடைசி பஸ் போனால் போகட்டும். இங்கே வந்து படுத்துக்கொள், உனக்கு மீன் வைத்திருப்பேன்.

உன் அம்மா